பனி ஆந்தையைப் படமெடுக்க எவ்வளவு கிட்டப் போகலாம்?

கேள்வி – மார்க்கம்வாசி

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை டொரொன்டோவுக்கு வடக்கேயுள்ள ஹாலந்து மார்ஷ் காய்கறி வயல்களின் ஓரமாகக் காரில் போகும்போது, முதன்முறையாகப் பனி ஆந்தையைக் கண்டேன். வயல் நடுவே யாரோ விட்டுப்போன வெள்ளைப் பை என்றுதான் நினைத்தேன். தலை மெல்லத் திரும்பியபோதுதான் பறவை என்று தெரிந்தது. இறங்கிப் பத்துப் பதினைந்து அடி வைப்பதற்குள் அது எழுந்து பறந்துவிட்டது. கிடைத்த நான்கு படங்களிலும் பனி சாம்பல் பூத்துக் கிடக்கிறது, பறவையும் தெளிவாக இல்லை. என்னிடம் 400 மி.மீ. லென்ஸ் உள்ளது. எவ்வளவு கிட்டப் போகலாம், கேமராவை எப்படி அமைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் – வடக்குச் சாலை

காரை விட்டு இறங்காதீர்கள். நின்றிருக்கும் காரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாத இந்தப் பறவை, நடந்து வரும் மனிதனைக் கண்டால் உடனே உஷாராகிவிடும். அரைக்கண் மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். கண்களை அகலத் திறந்து, உடலை நிமிர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால், அப்போதே நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டப் போய்விட்டீர்கள். அடி, மீட்டர் கணக்கைவிட இந்த அடையாளமே சரியான அளவுகோல். வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற ஆர்க்டிக் தூந்திரத்தில் லெமிங் எலிகளைத் தின்று வளர்ந்து, குளிர்காலத்தில் நம் வயல்வெளிகளுக்கு இறங்கி வரும் இந்த ஆந்தைகளில் பல அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள். பகலில் எழுப்பிவிட்டால் காகங்கள் கூட்டமாகத் துரத்தும். தாழப் பறந்து சாலையைக் கடக்கையில் வாகனத்தில் அடிபடவும் கூடும். இரண்டு கிலோவைத் தாண்டக்கூடிய உடலைத் தூக்கிக்கொண்டு வீணாகப் பறந்த ஒவ்வொரு முறைக்கும் அது இரையால் ஈடு செய்தாக வேண்டும். பறக்கும் படத்துக்காக ஒரு பறவையைத் துரத்துவதை என்னால் ஏற்கவே முடியாது.

பதில் – கருமண்

சாம்பல் பனிக்குக் காரணம் கேமராவின் ஒளி அளவீடு. வெண்பனியை அளவுக்கு மீறிய வெளிச்சமாக எண்ணி, அது படத்தை இருட்டாக்கிவிடும். வயல் முழுதும் பனியானால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டுங்கள். ஆனால் காற்று பனியை வாரிச் சென்று, வெங்காயமும் கேரட்டும் விளையும் அந்தக் கருமண் வெளித்தெரியும் இடத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தால் மாறாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை இறகின் வரிகளெல்லாம் வெளிறிப்போகும். படம் தெளிவில்லாமல் போனதற்குக் காரின் வெப்பமே காரணமாக இருக்கலாம். எஞ்சினையும் ஹீட்டரையும் அணைத்து, கண்ணாடியை இறக்கிச் சில நிமிடம் குளிரவிட்ட பிறகு எடுங்கள். வீடு திரும்பியதும் கேமராவைப் பையிலிருந்து உடனே எடுக்காதீர்கள், நீர் படியும்.

பதில் – வரப்போரம்

வயல் விவசாயியின் சொத்து. வெறும் பனியாகத் தெரிவதன் அடியில் குளிர்காலக் கோதுமை முளைத்திருக்கலாம். கடையில் வாங்கிய எலியை வீசி ஆந்தையை வரவழைப்பவர்களோடு சேராதீர்கள். பறவை இருந்த இடத்தை அன்றே பொதுவில் போடவும் வேண்டாம்.

மார்க்கம்வாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று காரிலேயே இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நாலரை மணியளவில் அது கழுத்தை நீட்டி, வாயை அகலத் திறந்து, எலும்பும் மயிரும் சுருண்ட கறுத்த உருண்டையொன்றைப் பனிமேல் உமிழ்ந்தது. பிறகு தானாகவே எழுந்து, எதிர்த்திசையில் வாய்க்காலை ஒட்டித் தாழப் பறந்து போனது.