பிறந்த தேதி ஒரு நாள் குறைகிறது, கொழும்பு பயனர்கள் சிலருக்கு மட்டும்

கணினித்தும்பி:
வணக்கம். க்ளினிக் புக்கிங் சைட் ஒன்றைப் பராமரிக்கிறேன். பிரவுசரில் ஓடும் முன்பக்கம் ரியாக்ட், பின்னால் சர்வரில் ஜாவாவின் ஸ்பிரிங் பூட். பிறந்த தேதி டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (தேதியை எழுத்தாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) வழியாக யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் போகுது. ஒரு நாள் குறையுதுன்னு முன்னாடி இருந்த டீம் சர்வரில் 5:30 மணி நேரம் கூட்டிட்டாங்க. சென்னைப் பயனர்களுக்கு சரியா இருக்கு. கொழும்பில் 2001 மார்ச் 4 பிறந்தவருக்கு மார்ச் 3, 23:30னு பதிவாகுது. ஆனா அதே ஊரில் 1990ல் பிறந்தவருக்குச் சரியா வருது! இலங்கையும் +5:30 தானே? லேப் சர்வீஸ் தேதி பொருந்தலன்னு ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புது. நோயாளிங்க காத்திருக்காங்க, உதவுங்க.

யாழ்நிரல்:
இப்போது +5:30 தான். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கையில் கடிகாரத்தை +6:30 ஆக்கினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் +6:00. 2006 ஏப்ரலில்தான் பழையபடி +5:30. பிரவுசருக்கு இந்த வரலாறு தெரியும், நீங்கள் கூட்டும் 5:30க்குத் தெரியாது. 2001 மார்ச் 4 கொழும்பு நள்ளிரவு என்றால் யூடிசியில் மார்ச் 3, 18:00. கூட்டிப் பாருங்கள், அதே 23:30.

சென்னையிலும் தப்பாது. இந்தியாவில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போர்க்கால நேரம் +6:30. எண்பது தாண்டிய பாட்டி ஒருவரின் பதிவைத் திறந்து பாருங்கள்.

பின்கதவு:
கூட்டல் கணக்கையே தூக்கிடுங்க. பிறந்த தேதி ஒரு கணம் இல்ல, காலண்டரில் ஒரு கட்டம். அதுக்கு நேர மண்டலமே கிடையாது. 2001-03-04னு பத்து எழுத்து சரமா அனுப்புங்க, ஜாவாவில் நேரமே இல்லாத லோக்கல்டேட் வகை, டேட்டாபேஸில் டேட் வகை நெடுவரிசை. டேட் பிக்கர் தர்றதில் இருந்து வருஷம், மாசம், நாள் மூணையும் தனித்தனியா எடுத்து ஒட்டுங்க. மாசம் 0ல் ஆரம்பிக்கும், 1 கூட்டணும்.

அப்பாயின்ட்மென்ட் நேரம் வேற கதை. அதை +05:30 மாதிரி ஆஃப்செட்டோடயும் (யூடிசிக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்), ஆசியா/கொழும்பு மாதிரி மண்டலப் பெயரோடயும் அனுப்புங்க. வர்ற மாசத்துக்குப் போட்ட அப்பாயின்ட்மென்ட்டுக்கு நடுவில் அரசு நேரத்தை மாத்தினா, பெயர் இருந்தாத்தான் திருத்த முடியும். யூஆர்எல்லில் போட்டா கூட்டல் குறி ஸ்பேஸா மாறிடும், என்கோட் பண்ண மறக்காதீங்க.

கணினித்தும்பி:
ரொம்ப நன்றி. பாட்டி ஒருவர் பதிவு நிஜமாவே 23:00ல நிக்குது! பழைய பதிவுகளை எப்படிச் சரி செய்யறது? சரியா 00:00ல இருக்கிறதை எல்லாம் விட்டுட்டு, 23:00, 23:30 இருந்தா அடுத்த நாளாக்கிடலாமா?

யாழ்நிரல்:
அந்த இரண்டும் மட்டும் போதாது. சிங்கப்பூரில் இருந்து பதிந்தவருக்கு 21:30 நிற்கும், 1982க்கு முன் பிறந்தவர் என்றால் 22:00. துபாயில் இருந்து பதிந்தவருக்கு அதே நாள் 01:30, அதைக் கீழே இறக்க வேண்டும். எல்லாம் ஏதோ ஓர் ஊரின் நள்ளிரவாகக் கிளம்பியவைதான், ஆகவே மிக அருகில் உள்ள நள்ளிரவுக்கு நகர்த்துங்கள். முதலில் அட்டவணையை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவு என்பதால், மாறிய ஒவ்வொன்றையும் அடையாள அட்டை நகலோடு ஒப்பிடச் சொல்லுவேன்.

பின்கதவு:
திரையில் காட்டும்போதும் கவனம். 2001-03-04ஐ நேரா நியூ டேட்டுக்குள்ள (தேதி உருவாக்கும் கட்டளை) கொடுத்தா ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நள்ளிரவா எடுத்துக்கும். டொராண்டோவில் திறக்கிறவருக்கு மார்ச் 3னு தெரியும். சரத்தை உடைச்சு அப்படியே காட்டுங்க.