இந்தக் கறுப்பு வண்டு எந்தப் பேரினம்? தெரிந்தவர்கள் உதவுங்கள்

நேற்று இரவு காட்டுப் பாதையோரம், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் உளுத்த பட்டைக்கு அடியில் இந்த வண்டைப் பார்த்தேன். நீளம் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர், பளபளப்பில்லாத கறுப்பு. முதலில் தரைவண்டு என்றுதான் நினைத்தேன். அப்புறம் உருப்பெருக்கியில் கால்களைப் பார்த்தால், முன்கால், நடுக்கால் பாதங்களில் 5 கணுக்கள், பின்காலில் 4தான். தரைவண்டுக்கு எல்லாக் காலிலும் 5 இருக்கும். உணர்கொம்பின் அடியும் தலையின் ஓர விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கிறது. ஆகவே டெனிப்ரியானிடே (Tenebrionidae, இருள்வண்டுகள்) குடும்பம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் குடும்பத்தில் சுமார் 20,000 இனங்கள்! என்னைக் குழப்புவது தலைக்குப் பின்னால் உள்ள முன்மார்புத் தகடுதான். அதன் பின்மூலைகள் இரண்டும் முள் போல நீண்டிருக்கின்றன. சிறகுறைகளிலோ (முதுகை மூடும் கடினமான முன்சிறகுகள்) வழக்கமான வரிப்பள்ளங்கள் இல்லை, வரிசை வரிசையாகச் சிறு குமிழ்கள். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. தொட்டதும் பின்னுடலைத் தூக்கிக் காரமான நெடி விட்டது, விரலில் பழுப்புக் கறை படிந்துவிட்டது.

மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடிப்பக்கமும் படம் எடுத்துவிட்டு, அதே பட்டைக்கு அடியில் விட்டுவிட்டேன். பேரினம் வரையாவது சொல்ல முடியுமா? வேறு கோணத்தில் படம் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், மறுபடி போய்த் தேடிப் பார்க்கிறேன்.