மண்டபம் ரயில் மாடலில் தண்டவாள ஜல்லி நிறம் சரியாக வரவில்லை, உதவுங்கள்

மண்டபம்_எச்ஓ:
மண்டபம் ஸ்டேஷனிலிருந்து பாம்பன் பாலம் தொடங்கும் இடம் வரை ஆறடிப் பலகையில் எச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, செய்துகொண்டிருக்கிறேன். வீட்டு வேலையில் மிஞ்சிய எம் சாண்டைச் சலித்து ஜல்லியாகப் போட்டு, தண்ணீர் கலந்த ஃபெவிகால் விட்டு ஒட்டினேன். காய்ந்ததும் சிமென்ட் பூசின தரை மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் கறுப்பு பெயிண்டைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன், தார் ரோடாகிவிட்டது. கடைசி ஓரடியில் கடற்கரை மணல் போட்டேன், அதுவும் கறுத்துப்போச்சு. என்ன நிறம், எந்த வரிசையில் கொடுக்க வேண்டும்?

உச்சிப்புளி_கேட்:
தம்பி, எம் சாண்ட் நல்ல தேர்வுதான், அதுவும் கருங்கல்லை உடைத்ததுதானே. ஆனால் எதில் சலித்தீர்கள்? நிஜ ஜல்லி பெரும்பாலும் 20 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டர் வரை இருக்கும், 87-ஆல் வகுத்தால் கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர். அதைவிடப் பொடியான தூசி சேர்ந்தால்தான் பசையோடு குழைந்து சிமென்ட் ஆகிறது. மாவுச் சல்லடையில் தூசியைத் தள்ளிவிட்டு மேலே நிற்பதைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

நிறத்துக்கு வந்தால், கறுப்பை மறந்துவிடுங்கள். சக்கரமும் பிரேக் கட்டையும் தண்டவாளமும் தேய்ந்து விழும் இரும்புத்தூள் துருப்பிடித்துத்தான் ஜல்லிக்குப் பழுப்பு ஏறுகிறது, அதனால் வண்டி பிரேக் போட்டு நிற்கிற பிளாட்பாரப் பக்கம் பழுப்பு அதிகம், ஓடுகிற பாதையில் குறைவு, புது ஜல்லி கொட்டிய இடத்தில் நீலம் கலந்த சாம்பல் அப்படியே தெரியும். பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு அக்ரிலிக் பெயிண்டை டீத்தண்ணீர் போல நீர்க்கக் கரைத்து முதலில் தண்டவாளத்தை ஒட்டி மட்டும் விடுங்கள், காய்ந்த பிறகு போதாவிட்டால் இன்னொரு தடவை. தண்டவாளத்தின் பக்கவாட்டுக்குத் துரு நிறம் ஜல்லி போடுவதற்கு முன்னாலேயே அடித்திருக்க வேண்டும், இப்போது சின்ன பிரஷ்ஷால் பொறுமையாகச் செய்யுங்கள். தண்டவாளத்தின் மேற்பரப்பை உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்ஜினுக்குக் கரண்ட் போகாது.

தங்கச்சிமடம்_மீட்டர்கேஜ்:
கடற்கரை மணலை அப்படியே போட்டீர்களா அண்ணே? உப்பு ஈரத்தை இழுக்கும், தண்டவாளத்தை அரிக்கும். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசுங்கள். அப்புறம் காந்தம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி மணல்மேல் ஓட்டிப் பாருங்கள், கரும்பொடி ஒட்டினால் முழுக்க எடுத்துவிடுங்கள், அது இன்ஜின் மோட்டாருக்குள் போனால் மோட்டார் கெட்டுவிடும். நான் 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி செய்தபோது ஒரு மோட்டாரை இப்படித்தான் இழந்தேன்.

மணல் கறுப்பதற்குக் காரணம் பசை. பசையில் எப்போதும் ஒரு சாயல் கூடும், அதனால் முதலில் அட்டையில் ஒட்டிப் பாருங்கள். காற்று அடித்துக் குவிக்கிற மணலை ஜல்லியின் ஓரத்தில், ஒரு பக்கமாக மட்டும், கடைசியில் உலர்ந்த தூளாகத் தூவி லேசாக ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நம் கரை மாதிரியே தெரியாது.

இன்னொன்று, பாலத்து கர்டர், அதாவது இரும்பு உத்தரம், மேல் ஜல்லி வேண்டாம். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள் நேரே கர்டரில்தான் உட்காரும். ஜல்லி கரையோடு நின்றுவிடும்.

மண்டபம்_எச்ஓ:
பாலத்தின் மேலும் கால் அடிக்குப் போட்டுவிட்டேனே! தார் ரோடு ஆன பகுதியை எப்படி எடுப்பது?

உச்சிப்புளி_கேட்:
ஈரத்துணியை மேலே போட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள், ஃபெவிகால் இளகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தள்ளினால் வந்துவிடும். பாதை பிரிகிற பாயிண்ட் இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.