டாம்பருக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

குழுவினருக்கு வணக்கம். நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடுவதைக் குறைக்கும் டாம்பர்களுக்கான பராமரிப்புக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கருவிக்கு, அது செய்யும் வேலைக்கு, ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் எனக் காட்டும் விகிதத்துக்கு என மூன்று சொற்கள் ஒரே வேரில் வேண்டும். பாடநூலில், படிப்படியாகக் குறைந்து அடங்கும் ஆட்டத்துக்குத் "தடையுறு அலைவு" இருக்கிறது. அதையொட்டித் "தடுப்பான்" எனலாமா?

*

> "தடுப்பான்" எனலாமா?

வேண்டாம். டாம்பர் எதையும் பிடித்து நிறுத்துவதில்லை. உருளைக்குள் சிலிக்கோன் எண்ணெய். பிஸ்டன் நகரும்போது அதன் நுண்துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கி, ஆட்டத்தின் ஆற்றல் சூடாகிறது. விசை வேகத்தைப் பொறுத்தது. கட்டடம் ஓரத்துக்குச் சாய்ந்து ஒரு கணம் நிற்கையில் விசை சுழியம். நடுநிலையைக் கடக்கும்போதுதான் உச்சம். தடுப்பான் என்றால் தாங்குகட்டையாக நினைத்துவிடுவார்கள். "தணிப்பான்" என்போம்.

*

-ஆன் ஆண்பால் ஈறு ஐயா. மின்மாற்றி, ஒலிபெருக்கி போல இகர ஈறே கருவிக்கு அழகு: "தணிப்பி". அதைவிட "அவி" நல்ல வேர். "ஐந்தவித்தான்" என்றாரே வள்ளுவர். புலன்களை அழிக்கவில்லை, அடக்கினான் என்றுதானே பொருள்? "அதிர்வவிப்பி".

*

"தணிப்பி" பிறவினை ஏவல். வேறொருவரைக் கொண்டு தணிக்கச் செய் என்றாகும். "அவிப்பி"யும் அப்படியே. தவிர, அவித்தல் இன்று அடுப்பங்கரையோடு சரி. சூட்டை ஆற்றுகிறோம், சினத்தை ஆற்றுகிறோம். ஆற்றலை ஆற்றுவது "ஆற்றி".

*

ஆற்றலை ஆற்றும் ஆற்றியா? படிப்பவர் ஆற்றங்கரைக்கே போய்விடுவார். ஏணியில் நின்று பார்ப்பவருக்கு "டாம்பர்" தெரியும், போதும். அவர் பார்க்க வேண்டியது எண்ணெய்க் கசிவும், முனைகளைக் கட்டடத்தோடு இணைக்கும் முளைகளின் தளர்வும். 3 மீட்டர் உயரத் தளம் 12 மி.மீ. நகர்ந்தால், கிடைமட்டத்துக்கு 40 பாகையில் சாய்த்துப் பொருத்திய டாம்பருக்குக் கிடைப்பது 9 மி.மீ. சொச்சம். இரு முனைகளிலும் 1 மி.மீ. தளர்வு இருந்தால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் 2 மி.மீ. வீண். சிறு நடுக்கத்தில் பிஸ்டன் அசையாமலே போகலாம். இதைப் புரியவைக்கக் குறள் எதற்கு?

*

"டாம்பர்" குட்டி போடாதே! "தணி" போடும். தணிதல் தன்வினை, தணித்தல் பிறவினை. கான்கிரீட் கட்டடத்துக்கு இயல்பாகவே உண்டென்று கணக்கில் கொள்ளும் 5 விழுக்காடு "தணிவு". கருவி பொருத்திக் கூட்டுவது "தணிப்பு". இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் 5 விழுக்காட்டை இருமுறை கூட்டிவிடும் ஆபத்து உண்டு.

*

தணிவு, தணிப்பு நன்று. ஆனால் தைவானின் தைப்பே 101 வானளாவிக் கட்டடத்தில் தொங்கும் 660 டன் கோளம்? அது முதன்மையாகக் காற்றுக்கு. கட்டடத்துக்கு எதிராக ஆடி ஆற்றலை வாங்குகிறது, சூடாக்குவது அதனோடு பிணைத்த எண்ணெய் உருளைகள். கோளத்துக்கு "எதிராடி" என்பேன். பெரும் நடுக்கத்தில் கட்டடம் விரிசல்விட்டு, ஒருமுறை ஆடி மீளும் அலைவுக்காலம் நீண்டால், எதிராடியின் தாளம் தப்பும்.

*

எதிராடி கையேட்டில் இல்லை, மன்னிக்கவும். முதலிடத்தில் மட்டும் "தணிப்பான் எனும் டாம்பர்", பிறகு தணிப்பான். தணிவையும் தணிப்பையும் மெய்ப்புப் பார்ப்பவர் ஒன்றாக்கிவிடாமல் குறிப்பு வைத்திருக்கிறேன்.

*

> பிறகு தணிப்பான்

ஆண்பால் ஈறுதான். என் மறுப்பு இருக்கட்டும்.