டிஎல்சி 2017: கடைசி நேர மாற்றங்கள் நிகழ்ச்சியைக் காப்பாற்றினவா, கதையைக் கெடுத்தனவா?

ஏணிக்காரன்:
மேசை, ஏணி, நாற்காலி ஆகிய மூன்றையும் ஆயுதமாக்கிக்கொள்ள அனுமதிக்கும் டிஎல்சி நிகழ்ச்சியை, வெற்றி தோல்வியை முன்பே கதையாக எழுதிவைக்கும் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. 2017 அக்டோபர் 22 அன்று மினியாபொலிஸ் நகரின் டார்கெட் சென்டரில் நடத்தியது. அதற்கு இரண்டே நாள்கள் இருக்கும்போது, ரோமன் ரெய்ன்ஸும் பிரே வயட்டும் மருத்துவக் காரணங்களால் பங்கேற்க மாட்டார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. ரெய்ன்ஸ், அன்றைய மெயின் ஈவன்டில் (முதன்மைப் போட்டியில்) சேத் ராலின்ஸ், டீன் ஆம்ப்ரோஸ் ஆகியோருடன் ஷீல்ட் என்ற மூவர் அணியாக இறங்கவிருந்தவர். வயட், "சிஸ்டர் அபிகெயில்" என்ற புதிய வேடத்தில் ஃபின் பேலருடன் மோதவிருந்தவர். ரெய்ன்ஸின் இடத்துக்கு, தனித்தனி வீரர்களைக் கொண்ட ரா, ஸ்மாக்டவுன் என்ற வாராந்தர நிகழ்ச்சிகளில் ராவின் பொது மேலாளராக இருந்த கர்ட் ஆங்கிள் வந்தார்; வயட்டின் இடத்துக்கு, தென் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த ஸ்மாக்டவுன் வீரர் ஏஜே ஸ்டைல்ஸ் அழைக்கப்பட்டார்.

அந்த ஆண்டில் ரா தரப்பு நடத்திய நிகழ்ச்சிகளில் நான் விருப்பத்தோடு மீண்டும் பார்ப்பது இது ஒன்றுதான். அதற்குக் காரணமே இந்த இரண்டு மாற்றங்கள்தான் என்பது என் வாதம். முதலில் போட்ட அட்டவணைப்படியே நடந்திருந்தால், பேலரும் வயட்டும் அதே ஆண்டின் முந்தைய பெரிய நிகழ்ச்சிகளான சம்மர்ஸ்லாமிலும் நோ மெர்சியிலும் மோதிச் சலித்த பிறகு மூன்றாவது முறையாக மோதுவதை, அதுவும் ஒருவர் முக்காடு அணிந்து குரல் மாற்றிப் பேசும் கூத்தோடு, நாம் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கிடைத்தது பேலரும் ஸ்டைல்ஸும் நேருக்கு நேர் மோதிய போட்டி. நியூ ஜப்பான் என்ற ஜப்பானிய மல்யுத்த நிறுவனத்தில் 2013-இல் புல்லட் கிளப் என்ற வீரர் குழுவைத் தொடங்கியவர் பேலர். அவர் விலகிய பிறகு 2014-இல் அதன் தலைமைக்கு வந்தவர் ஸ்டைல்ஸ். போட்டி முடிந்ததும் இருவரும் அந்தக் குழுவின் பழைய கை முத்திரையைக் காட்டிக்கொண்டபோது அரங்கம் எழுப்பிய சத்தத்துக்கு எந்தக் கதாசிரியரும் உரிமை கொண்டாட முடியாது.

மூன்றாம்தட்டு:
ஏணிக்காரன் அவர்களே, அரங்கம் கைதட்டியதை யாரும் மறுக்கவில்லை. எதை இழந்து அந்தக் கைதட்டலைப் பெற்றார்கள் என்பதை நீங்கள் பேசாமல் விட்டுவிட்டீர்கள்.

ஷீல்ட் அணி 2012 நவம்பரில் சர்வைவர் சீரிஸில் அறிமுகமானது. அவர்களது முதல் போட்டியே, அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று புரூக்ளினில் நடந்த டிஎல்சி போட்டிதான். எதிரணியில் ரைபேக், டேனியல் பிரையன் ஆகியோருடன் கேனும் இருந்தார். 2014 ஜூன் 2 அன்று ராலின்ஸ் நாற்காலியால் தோழர்களை அடித்துப் பிரிந்த பிறகு, மூன்றாண்டுகளுக்கும் மேல் ரசிகர்கள் காத்திருந்து, 2017 அக்டோபர் 9 அன்றுதான் மூவரும் மீண்டும் கை கோத்தார்கள். முதல் போட்டி எந்த வகையில் நடந்ததோ அதே வகைப் போட்டியில், எதிரே மீண்டும் கேன் நிற்க, மறுபடியும் இறங்குவது என்பது இவ்வளவு பொருத்தமாக இன்னொரு முறை அமையாது. அந்தப் போட்டி நடக்கவே இல்லை. மூன்றாவது ஆளாக, ஷீல்ட்டின் கருப்பு உடையை அணிந்துகொண்டு, அந்த அணியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆங்கிள் வந்து நின்றார். அவரை நானும் மதிக்கிறேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரை மதிக்காமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் அவருக்கு அப்போது 48 வயது. கழுத்துக் காயங்களின் நீண்ட வரலாறு உடையவர். 2006-இல் இந்த நிறுவனத்தை விட்டுச் சென்றபின் அங்கு ஒரு போட்டியிலும் இறங்காதவர். அவரது மறுவரவை, ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா போன்ற மேடைக்காகப் பாதுகாத்திருக்க வேண்டும். ஓட்டையை அடைக்கக் கிடைத்த பலகையைப் போல அவரைப் பயன்படுத்திவிட்டார்கள்.

ஸ்டைல்ஸ் விஷயத்திலும் இதுவே என் மனக்குறை. பேலர் "டீமன்" வண்ணப்பூச்சோடு வருவது அரிதான, முக்கியமான பகைகளுக்கு மட்டும் உரியது என்று நிறுவனமே சொல்லிவந்தது. வயட்டின் பேய் வேடத்துக்கு எதிராகத் தயாரித்த அந்தப் பூச்சை, விமானத்திலிருந்து இறங்கி வந்த, எந்தப் பகையும் இல்லாத ஒருவருக்கு எதிராக ஏன் பூசிக்கொள்ள வேண்டும்? கனவுப் போட்டி என்று பத்தாண்டுகளுக்குப் பேசியிருக்க வேண்டியதை ஒரு முன்கதையும் இல்லாமல் ஒரே இரவில் செலவழித்தார்கள்.

அரங்கவாசி:
நீங்கள் இருவரும் திரைக்கு முன் அமர்ந்தவரின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நம் ஊரில் திங்கட்கிழமை அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுந்து பார்த்த எனக்கும் உங்களுக்கும் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவிலும் 2014-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. நெட்வொர்க் வந்த பிறகு, மாதம் 9.99 டாலர் சந்தாவிலேயே முன்பு தனித்தனியே காசு கட்டிப் பார்க்க வேண்டியிருந்த பிபிவி (பே-பர்-வியூ) நிகழ்ச்சிகள் எல்லாம் கிடைத்தன. ஒரு குறிப்பிட்ட போட்டிக்காகத் தனியே காசு கொடுத்து ஏமாந்தவர்கள் முன்பைவிடக் குறைவாகவே இருந்திருப்பார்கள். உண்மையில் கேள்வி கேட்க உரிமை உடையவர், ஷீல்ட் மூவரையும் ஒன்றாகப் பார்க்கவென்று டிக்கெட் வாங்கி, பக்கத்து மாநிலத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்தான். அட்டவணை மாற்றத்துக்கு உட்பட்டது என்ற வரி எல்லா விளம்பரங்களிலும் இருப்பது சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். எனினும், மாற்றத்தை இரண்டு நாள்களுக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னதையும், காரணம் மருத்துவம் என்று ஒப்புக்கொண்டதையும், வராதவருக்கு ஈடான மதிப்புள்ளவரை நிறுத்தியதையும் நான் நேர்மை என்றே கருதுகிறேன்.

இதோடு 2020 ரெஸில்மேனியாவை ஒப்பிட்டுப் பாருங்கள். கோல்ட்பெர்க்குக்கு எதிராக ரெய்ன்ஸ் மோதுவதாக இருந்தது. கொரோனா பரவிய நேரத்தில், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட அவர் விலகிக்கொண்டார். அது முற்றிலும் நியாயமானது. ஆனால் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஸ்மாக்டவுனில், ஏன் மாற்றம் என்ற விளக்கமே இல்லாமல், அவர் இடத்தில் பிரான் ஸ்ட்ரோமன் வைக்கப்பட்டார். போட்டியும் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மாற்றம் தவிர்க்க முடியாததாக இருந்தாலும், அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதில் எத்தனை வேறுபாடு!

ஏணிக்காரன்:
அரங்கவாசி அவர்களின் ஒப்பீட்டை முழுமையாக ஏற்கிறேன். மூன்றாம்தட்டு அவர்களுக்கு இரண்டு பதில்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷீல்ட்டின் மறுசேர்க்கையைப் பற்றிய உங்கள் வரலாறு சரியானது. ஆனால் அந்தப் போட்டி ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது என்பதையும் நினைவுகூருங்கள். மிஸ், ஸ்ட்ரோமன், ஷேமஸ், செஸாரோ ஆகியோர் எதிரணி. நிகழ்ச்சிக்கு ஆறு நாள்களுக்கு முன் கேன் அரங்கின் அடியிலிருந்து எழும்பி வந்து ஐந்தாவது ஆளானார். மூவருக்கு எதிராக ஐவர் என்ற கணக்கே, ஷீல்ட் எப்படியும் வெல்லும் என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. ரெய்ன்ஸின் இடத்தில் ஆங்கிள் வந்தபோதுதான் அந்தப் போட்டியில் உண்மையான ஓர் ஐயம் பிறந்தது: இந்த மனிதர் இதைத் தாங்குவாரா? இடையில் ஸ்ட்ரோமன் அவரை மேசை உடையும்படி அடித்து வீழ்த்த, அவரை மேடைக்குப் பின்னால் கொண்டுபோனபோது, இதற்குமேல் அவர் வர மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அரை மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்தப் போட்டியில் அவர் திரும்பி வந்து, இறுதியில் ராலின்ஸ், ஆம்ப்ரோஸ் ஆகியோரோடு சேர்ந்து மிஸ்ஸைத் தூக்கி அடித்த காட்சிக்கு, ரெய்ன்ஸ் இருந்திருந்தால் அந்தக் கனம் கிடைத்திருக்காது. நடுவில் ஸ்ட்ரோமனை அவரது சொந்த அணியினரே குப்பை லாரிக்குள் தள்ளி அரைத்தது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது எந்த அட்டவணையிலும் அப்படியேதான் இருந்திருக்கும் என்று அஞ்சுகிறேன்.

இரண்டாவதாக, மாறாமல் நடந்த போட்டிகளைப் பாருங்கள். என்ஸோ அமோர், கலிஸ்டோவிடம் பதின்மூன்று நாள்களுக்கு முன் இழந்த க்ரூஸர்வெயிட் (குறைந்த எடைப் பிரிவு) பெல்ட்டை, அதாவது சாம்பியன் பட்டத்தை, திரும்பப் பெற்றார். ரா தரப்பில் அசுகாவின் முதல் போட்டி எம்மாவுடன் நடந்தது; அடுத்த வாரமே எம்மா வேலையிலிருந்து நீக்கப்பட்டார். திட்டமிட்டவை எல்லாம் மறந்துபோயின, திட்டமிடாதவை மட்டும் நினைவில் நிற்கின்றன என்றால், குறை திட்டத்தில்தானே இருக்கிறது?

மூன்றாம்தட்டு:
அந்த முடிவைத்தான் நான் மறுக்கிறேன். வியப்பு ஒருமுறைதான் வேலை செய்யும். அன்று நமக்குக் கிடைத்தது தரமான கதை அல்ல, புதுமையின் அதிர்ச்சி. அதைப் பாராட்டிப் பாராட்டி, கதையை வாரக்கணக்கில் வளர்க்க வேண்டியதில்லை, கடைசி நேரத்தில் பெரிய பெயரைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும் என்ற பாடத்தை நிறுவனத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

நான்கு வாரங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். நவம்பர் 19 அன்று ஹூஸ்டனில், ரா சாம்பியன்களும் ஸ்மாக்டவுன் சாம்பியன்களும் மோதிக்கொண்ட சர்வைவர் சீரிஸுக்கு பிராக் லெஸ்னருக்கு எதிராக ஜிண்டர் மஹால் என்று அறிவித்திருந்தார்கள். நவம்பர் 7 அன்று மான்செஸ்டரில் மஹாலிடமிருந்து ஸ்டைல்ஸ் பெல்ட்டைப் பறித்தார். லெஸ்னரின் எதிராளி மாறினார். நவம்பர் 14 அன்று நடால்யாவிடமிருந்து சார்லட் பெல்ட்டை வென்றார். அலெக்ஸா பிளிஸ்ஸின் எதிராளி மாறினார். டேக் டீம் (இரட்டையர்) போட்டியிலும் ரா தரப்பின் சாம்பியன்கள் மாறினார்கள். ஜேசன் ஜோர்டனை நீக்கிவிட்டு ட்ரிபிள் எச் தாமே ரா அணியில் இடம் பிடித்தார். இவற்றில் எதற்கு மருத்துவர் காரணம்?

ஏணிக்காரன்:
லெஸ்னரும் ஸ்டைல்ஸும் மோதியதையும் குறையாகச் சொல்கிறீர்களா? மே மாதம் ரேண்டி ஆர்டனை வென்றதிலிருந்து மஹாலின் ஆட்சியில் பார்த்த எந்தப் போட்டியையும்விட அது பல மடங்கு மேல். இந்தியச் சந்தைக்காகவே அவருக்குப் பெல்ட் கொடுக்கப்பட்டது என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். டிசம்பர் 9 அன்று டெல்லியில் அதே மஹால் ட்ரிபிள் எச்சிடம் தோற்றபோது, அந்தக் கணக்கும் அவர்களிடம் ஒழுங்காக இல்லை என்பது தெரிந்துவிட்டது. அவர்களது திட்டங்களை மதிக்கச் சொல்லும் உங்களுக்கு, அவர்களே அவற்றை மதிக்கவில்லை என்பதைத்தான் நான் சுட்டிக்காட்டுகிறேன்.

அரங்கவாசி:
இருவரும் இங்கே இரண்டு வேறுபட்ட மாற்றங்களை ஒன்றாகக் கட்டிப் பேசுகிறீர்கள். உடல்நலத்தால் வரும் மாற்றம் வேறு, எழுத்தாளர் அறையில் மனம் மாறியதால் வரும் மாற்றம் வேறு. டிஎல்சியில் நடந்தது முதல் வகை. சர்வைவர் சீரிஸில் நடந்தது இரண்டாம் வகை. இதைவிடச் சிக்கலான மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதுதான் என்னை மிகவும் எரிச்சலூட்டுகிறது.

2018 நவம்பர் 2 அன்று ரியாத்தில் நடந்த கிரௌன் ஜுவல் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதினொரு நாள்களுக்கு முன் ரெய்ன்ஸ் தமக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பியிருப்பதாக ரா மேடையிலேயே சொல்லிப் பெல்ட்டை ஒப்படைத்தார். அது உண்மை. ஜான் சீனாவும் டேனியல் பிரையனும் அந்நாட்டு நிகழ்ச்சியில் பங்கேற்காமல் விலகினார்கள். லாஷ்லியும் சமோவா ஜோவும் அவர்களின் இடங்களை நிரப்பினார்கள். அதுவும் உண்மை. ஆனால் அதே இரவில் நிறுவனமே நடத்திய "உலகக் கோப்பை" தொடரின் இறுதிப் போட்டியில் மிஸ் காயமடைந்துவிட்டார் என்று சொல்லி, அவருக்குப் பதிலாக ஷேன் மெக்மேன் இறங்கிக் கோப்பையையே வாங்கிச் சென்றார். அது முழுக்கக் கதை. உண்மையான நோயும், உண்மையான மறுப்பும், எழுதிவைத்த காயமும் ஒரே மேடையில், ஒரே குரலில் அறிவிக்கப்படும்போது, பார்ப்பவர் எதை நம்புவது? புலி வருகிறது என்று பல முறை கூவியவனின் நிலைதான் இது. ரெய்ன்ஸின் அறிவிப்பு வந்த முதல் சில நிமிடங்களில், இதுவும் கதையாக இருக்குமோ என்று ஐயப்பட்டவர்களை நான் அறிவேன். அந்த ஐயத்துக்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம்தட்டு:
இந்தப் பிரிவினையை ஏற்கிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: முதல் வகை மாற்றத்திலும், வராதவரின் கதைக்கு நிறுவனம் கடன்பட்டிருக்கிறது. டிஎல்சியைத் தவறவிட்ட ரெய்ன்ஸ் குணமாகித் திரும்பினார். ஷீல்ட் அணி அதே ஆண்டு சர்வைவர் சீரிஸில் நியூ டே என்ற மூவர் அணியுடன் மோதியது. வயட்டின் சிஸ்டர் அபிகெயில் வேடமோ அதற்குப் பிறகு வரவே இல்லை. ஏணிக்காரன் அதைக் கூத்து என்றார். இருக்கலாம். ஆனால் 2019-இல் "ஃபீண்ட்" என்ற முகமூடி வேடத்தில் அதே வயட் என்ன செய்து காட்டினார் என்பதைப் பார்த்த பிறகு, அந்த முக்காடு என்னவாகியிருக்கும் என்று பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 2023 ஆகஸ்டில் அவர் மறைந்துவிட்ட நிலையில், அது இனி விடை கிடைக்காத கேள்வி.

ஏணிக்காரன்:
ஃபீண்ட் வேடம் அவர் பல மாதங்கள் தொலைக்காட்சியிலிருந்து விலகி இருந்து, தாமே செதுக்கிக் கொண்டுவந்தது. அபிகெயில் ஆறு நாள்களில் விற்கப் பார்த்தது. வயட்டின் திறமையில் எனக்கு ஐயமில்லை. அந்த அக்டோபரில் அவருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் மீதுதான் ஐயம். பேலருக்கு எதிராக மூன்றாவது முறையும் அவரைத் தோற்க வைத்திருந்தால் அந்த வேடத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம்தட்டு:
தோற்றிருப்பார் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? இரண்டு முறை தோற்றவர், புதிய வேடம் போட்டு வந்த முதல் இரவிலேயே வெல்வதுதான் அந்த வேடத்துக்கான ஒரே நியாயம். பேலர் டீமனாக வந்து அதுவரை எப்போதாவதுதான் தோற்றிருக்கிறார் என்பதால், அந்தத் தோல்விக்கு மதிப்பும் இருந்திருக்கும். நடந்ததோ வேறு: டீமன் பேலர், அடுத்த பதினாறு நாள்களில் உலகச் சாம்பியன் ஆகவிருந்த ஸ்டைல்ஸை வென்றார், பிறகு அந்த வெற்றியை ரா நிகழ்ச்சியில் யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கொண்டாடும் அந்தப் போட்டியால் பேலருக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.