லேயில் திறந்தவெளி ஐஸ் ஹாக்கி: கோல்கீப்பர் விறைக்காமல் நிற்பது எப்படிங்க?

வேலந்தாவளம் கீப்பர்:

வணக்கமுங்க. சக்கர ஸ்கேட் மாட்டி ஆடற இன்லைன் ஹாக்கியில் கோல்கீப்பருங்க, ஐஸுக்குப் புதுசு. ஜனவரி மூணாவது வாரம் லடாக்கில் இருக்கிற லேயில் பயிற்சி முகாம், கடைசியில் மேட்ச் வைக்கிறாங்க. கூரையெல்லாம் கிடையாது, உறைஞ்ச குளம்தான். காலை 8 மணி ஆட்டம், மைனஸ் 12-லிருந்து 15 வரைக்கும் இருக்கும்னு எழுதியிருக்காங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே மூக்கு ஒழுகற ஊர்க்காரனுங்க நான்.

ஓடி ஆடறவங்க சூடாயிருவாங்க. பக் (பந்துக்குப் பதிலா இருக்கிற ரப்பர் வட்டு) அந்தப் பக்கமே சுத்திட்டிருந்தா கீப்பர் அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கணுமே? உள்ளே எத்தனை அடுக்கு போடணும்? சாக்ஸ் ரெண்டு ஜோடி போதுமா, மூணு வேணுமா? மாஸ்குக்குள்ள மங்கி குல்லா போடலாமுங்களா? கால் பேட், ஸ்டிக் பிடிக்கிற கைக்குப் பிளாக்கர், பக் பிடிக்கிற கைக்குக் கேட்சர், மாஸ்க் எல்லாம் முகாம்லயே தர்றாங்க; ஐஸ் ஸ்கேட் மட்டும் சொந்தமா வாங்கியாச்சு. வீட்ல முகத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிட்டுப் போங்கறாங்க, அதையும் கேட்டுக்கறேன்.

தேவிகுளம் தேயிலை:

தம்பி, அடுக்கு எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சா தப்பாப் போயிரும். கீப்பரைக் குளிர வைக்கிறது அவனோட வேர்வைதான். விழுந்து, எழுந்து, கோல் கம்பத்துக்குக் கம்பம் தள்ளிப் போய் அடுத்தடுத்து மூணு ஷாட் தடுத்தா முதுகு நனைஞ்சிரும். அப்புறம் அஞ்சு நிமிஷம் நிக்கிறப்போ அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிட்டுப் போயிரும். மத்தவங்க முக்கால் நிமிஷம் ஆடிட்டு பெஞ்சுல ஜாக்கெட் போர்த்திக்குவாங்க. கீப்பருக்கு அந்த வசதி இல்ல. 20 நிமிஷப் பீரியட், கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினா அரைமணிக்கு மேலயே இழுக்கும்.

அதனால தோலை ஒட்டிப் பருத்தி கூடவே கூடாது. திருப்பூர் பனியன் நம்மூருக்கு நல்லது. அங்கே நனைஞ்சா ஆட்டம் முடியற வரைக்கும் காயாது. மெல்லிசான மெரினோ கம்பளி இல்லாட்டி பாலியஸ்டர் தெர்மல், மேலும் கீழும் ஒரு செட். உடம்பைப் பிடிச்சு நிக்கணும். லூசா இருந்தா முழங்காலுக்குப் பின்னால சுருண்டு, ஒவ்வொரு தடவை மண்டி போடறப்பவும் அறுக்கும். அதுக்கு மேல நேரா செஸ்ட் புரொடெக்டர்தான். அதுல இருக்கிற நுரையே ஸ்வெட்டர் வேலையைப் பார்த்துரும்.

காத்து அடிச்சாலோ மைனஸ் 15-க்குக் கீழே போனாலோ, கையில்லாத மெல்லிய விண்ட்சீட்டர் ஒண்ணு சேர்த்துக்கோ. அதை செஸ்ட் புரொடெக்டருக்கு வெளியே, ஜெர்சிக்கு அடியில போடணும். கீப்பர் ஜெர்சி அகலமாத்தான் வரும், இடம் இருக்கும். தெர்மலுக்கு மேலயே போட்டுட்டா வேர்வை வெளியேற வழியில்லாம உள்ளேயே நிக்கும்.

பணம் செலவழிக்கிறதுன்னா ரெண்டாவது தெர்மலுக்குச் செலவழி. முதல் இடைவேளையிலேயே மேல் தெர்மலைக் கழட்டி உலர்ந்ததை மாட்டணும். செஸ்ட் புரொடெக்டரை அவிழ்க்கச் சோம்பல்பட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் ரெண்டாவது பீரியட்ல நடுங்கறாங்க. முதுகு, அக்குள், பிடரியை ஒரு தோர்த்துத் துண்டால துடை. பருத்தித் தோர்த்துக்கு அங்கே அதுதான் வேலை, கழுத்துல சுத்திக்கக் கூடாது.

மங்கி குல்லா வேண்டாம். தடிச்ச பின்னல் மாஸ்கை முன்னால தள்ளிரும், தாடைக் கப் இடம் மாறும், அந்த நேரத்துல பக் வந்து பட்டா அடி சரியாப் பரவாது. தலையும் கழுத்தும் மூடற மெல்லிய பாலக்ளாவா போதும். அதைப் போட்டுக்கிட்டே மாஸ்கோட பின்பட்டையைச் சரிபண்ணு. மஃப்ளரும் வேண்டாம், முனை எங்கேயாவது மாட்டும். குழாய் மாதிரி தைச்ச கழுத்துத்துணி, அதுக்கு மேல தொண்டைக் காப்பு.

2003 நவம்பர் 22-ல எட்மண்டன் காமன்வெல்த் ஸ்டேடியத்துல என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டத்தைத் திறந்தவெளியில நடத்தினாங்க, மைனஸ் 18 பக்கம். மான்ட்ரியால் கீப்பர் ஜோஸே தியோடோர் மாஸ்குக்கு மேல கம்பளிக் குல்லா மாட்டி நிக்கிற படம் ரொம்பப் பிரபலம். படத்துக்கு நல்லா இருக்கு. மாஸ்க் ஓட்டுக்கு வெளியே போட்ட குல்லா காதுக்கு எவ்வளவு உதவும்னு நீயே யோசிச்சுக்கோ.

களியக்காவிளை பார்டர்:

உடம்பு பத்தி அண்ணன் சொன்னது சரி. ஆனா கீப்பர் பாதியில கிளம்பி வர்றது பெரும்பாலும் கால்விரலால தான். மூணு ஜோடி சாக்ஸ் போட்டீங்கன்னா கட்டாயம் விறைக்கும். ஸ்கேட் பூட்டுக்குள்ள இடம் அளவாத்தான் இருக்கும். துணியைத் திணிச்சா ரத்த ஓட்டம் நசுங்கும், துணிக்குள்ள சூட்டைப் பிடிச்சு வைக்கிற காத்தும் போயிரும். கம்பளி கலந்த மெல்லிய சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. இடைவேளைக்கு ஒண்ணுன்னு மொத்தம் மூணு ஜோடி பையில இருக்கணும். தடிச்ச ஃபெல்ட் இன்சோல் வைக்கிறதும் இதே கணக்குதான், மேல்பாதம் நெருக்கும்.

லேஸ் கட்டறதுல பாதி விஷயம் இருக்கு. விரல் பக்கம் முதல் மூணு கண்ணிய லூசா விடுங்க. பாதத்து வளைவுல மிதமா. கணுக்காலுக்கு வர்றப்போ இறுக்கம். கட்டி முடிச்சு எழுந்து நின்னு, உள்ளே அஞ்சு விரலையும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஆடலைன்னா அவிழ்த்துக் கட்டுங்க, ஐஸ்ல இறங்கினா சரியாயிரும்னு நினைக்காதீங்க. இடைவேளையில லேஸை முழுசாத் தளர்த்தி, பாதத்தை வெளியே எடுத்துத் துடைச்சு, புது சாக்ஸ்.

ராத்திரி ஸ்கேட்டை வண்டியில விடக்கூடாது. ஒரு தடவை பூட் உறைஞ்சுட்டா உங்க பாதம்தான் அதைச் சூடாக்கணும். அறைக்குள்ளேயே போட்டுக்கிட்டு, பிளேடு கார்டு மாட்டி நடந்து வாங்க.

பிளேடையும் பார்த்துக்கோங்க. கடுங்குளிர்ல ஐஸ் கல்லு மாதிரி இறுகிரும், பிளேடு கடிக்காது. பிளேடோட அடியில இருக்கிற குழிவை முக்கால் இஞ்ச் ஆரத்துல சாணை பிடிச்சிருந்தா அரை இஞ்சுக்கு மாத்தினா பிடிப்பு கூடும். லடாக் புழுதி ஐஸ் மேல படியும், அதனால முனை சீக்கிரம் மழுங்கும். கையால தீட்டற சின்னக் கல் ஒண்ணு கையில இருக்கட்டும்.

புளியரை வளைவு:

சிம்பிளா சொல்லவா? மெல்லிய சாக்ஸ், மேல பாலித்தீன் கவர், அப்புறம் ஸ்கேட். பூட் நனையாது. முகத்துக்கு வாஸ்லின். மொத்தச் செலவு அம்பது ரூபாய்க்குள்ள.

களியக்காவிளை பார்டர்:

கவர் வைத்தியம் நாள்கணக்கா மலையில நடக்கறவங்களுக்கு, பூட் நனையாம இருக்க. இங்கே ரெண்டு மணி நேர ஆட்டம். கவருக்குள்ள வேர்வை தேங்கிப் பாதம் வழுக்கும், பக்கவாட்டுல தள்ளறப்போ குதிகால் நகர்ந்து ஆட்டமே கெடும். சாக்ஸ் மாத்தறது இதைவிட லேசு.

வாஸ்லின் பத்தி பின்லாந்து ராணுவத்துல பார்த்திருக்காங்க: களிம்பு தடவினவங்களுக்கு முகத்துல உறைபுண் குறையலை. தோல் கதகதப்பா இருக்கிற மாதிரி தோணும், அந்த நம்பிக்கைதான் ஆபத்து. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே கட்டியாகிற சமாச்சாரம். அங்கே பாட்டில்ல இருந்து ஸ்பூனால தோண்டணும். தலைக்கு வேணா எடுத்துட்டுப் போங்க. முகத்துக்கு சன்ஸ்கிரீன்தான் முக்கியம், அந்த உயரத்துல வெயில் மேலயும் அடிக்கும், ஐஸ்ல பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும்.

வலி இருக்கிற வரைக்கும் பரவாயில்லை. வலி திடீர்னு நின்னு, தோல் வெளுத்து மெழுகு மாதிரி ஆனா உடனே ஆட்டத்தை நிறுத்தணும். தேய்க்கக் கூடாது, அடுப்புப் பக்கம் நீட்டவும் கூடாது, மரத்த தோலுக்குச் சுடறது தெரியாது. விரலை அக்குள்ல வைங்க. தோல் கெட்டியாயிட்டா அது டாக்டர் வேலை. வெதுவெதுப்பான தண்ணியில, 37-லிருந்து 39 டிகிரியில வச்சு மீட்பாங்க. மறுபடி குளிர்ல இறங்கவேண்டி வரும்னா பாதியில சூடுபண்ணாதீங்க. உருகித் திரும்ப உறைஞ்சா சேதம் அதிகம்.

நகரி நண்பன்:

கையைப் பத்திச் சொல்ல விட்டுப் போச்சே. பிளாக்கர், கேட்சர் ரெண்டுக்குள்ளயும் மெல்லிய பாலியஸ்டர் லைனர் கிளவுஸ் போடுங்கப்பா, மாத்த இன்னொரு ஜோடி. தடிச்சதைப் போட்டா ஸ்டிக் பிடி தெரியாது. குளிர்ந்த பக் துள்ளாது, ஆனா இறுகி வரும், உள்ளங்கையில பட்டா வழக்கத்தைவிட வலிக்கும். கேட்சரோட வலையில பிடிக்கப் பாருங்க.

கை சூடாக்கற பாக்கெட் வாங்கறதா இருந்தா ஒரு விஷயம்: அதுக்குள்ள இரும்புத் தூள், காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டாத்தான் சூடாகும். லே 3,500 மீட்டர், ஆக்சிஜன் கடல்மட்டத்துல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான். அதனால மந்தமாத்தான் வேலை செய்யும். இறங்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே பிரிச்சு வெளியே வைங்க. உள்ளங்கையில வேண்டாம், லைனருக்கு மேல, மணிக்கட்டோட உள்பக்கம் வைங்க, ரத்தம் போற இடம். ஸ்கேட்டுக்குள்ள வச்சா காத்தும் இல்ல, இடமும் இல்ல, காசு தண்டம். பேட்டரி சாக்ஸ் வாங்கினா உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையிலதான் போகணும், செக்-இன்ல விடமாட்டாங்க.

பக் எதிர்ப்பக்கம் இருக்கிறப்போ நிக்கவே நிக்காதீங்க. கம்பத்துக்குக் கம்பம் சின்னச் சின்னதா நகருங்க, கிரீஸ்ல (கோலுக்கு முன்னாடி கோடு போட்ட கீப்பர் இடம்) சேர்ந்த ஐஸ் தூளைப் பிளேடால சுரண்டுங்க. விசில் அடிச்சா மூலை வரைக்கும் போய்த் திரும்புங்க. விரல் மரத்தா கையைத் தோள்ல இருந்து பெரிய வட்டமா வேகமா இருபது தடவை சுத்துங்க, ரத்தம் நுனிக்கு ஓடும். மூச்சு வாங்கற அளவுக்குப் போகாதீங்க, வேர்த்தா அண்ணன் சொன்ன கதைதான்.

வலைக்கு மேல வைக்கிற சாதா பாட்டில் உறைஞ்சிரும். சூடு தாங்கற பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, மூடி கசியாததாப் பார்த்துத் தலைகீழா வைங்க. ஐஸ் மேல மிதக்கும், வாய் அடைக்காது. இடைவேளைக்குச் சுக்குக் காபி கருப்பட்டி போட்டு ஒரு டம்ளர். சூடு பத்தும்னு யாராவது ரம் நீட்டினா வேண்டாம்: தோலுக்கு ரத்தம் ஏறிச் சூடு வெளியே போயிரும்.

அதைவிட முக்கியம், விமானத்துல இறங்கின முதல் ரெண்டு நாள் படுத்துக் கிடங்க. மூணாவது நாள் மெதுவா. தலைவலியோட வாந்தி இருந்தா ஸ்கேட்டைத் தொடாதீங்க, மருத்துவமனைக்குப் போங்க. முகாம் தேதிக்கு முந்தின நாள் டிக்கெட் போட்டிருந்தா இன்னைக்கே மாத்துங்க.

வேலந்தாவளம் கீப்பர்:

டிக்கெட் முந்தின நாள்தானுங்க இருந்துச்சு, மாத்திட்டேன். இன்னும் ரெண்டு. கண்ணாடி போடறவனுங்க, மாஸ்குக்குள்ள பனி பிடிக்குமா? ராத்திரி இதையெல்லாம் எங்க காயப் போடறது?

தேவிகுளம் தேயிலை:

பிடிக்கும், அங்கேயே உறைஞ்சும் போகும். காண்டாக்ட் லென்ஸ் பழகியிருந்தா அதுதான் நல்லது. கண்ணாடிதான்னா கழுத்துத்துணியை மூக்குக்குக் கீழே இறக்கி வை. மூக்கை மூடினா மூச்சு மேலே ஏறி நேரா கண்ணாடியில அடிக்கும். ஜட்டியும் பருத்தி வேண்டாம், நீ கேட்கலை, நானே சொல்றேன்.

காயப்போட: மதியம் வெயில்ல பேடைத் திறந்து, உள்பக்கம் சூரியனைப் பார்க்க வை. லே காத்து அவ்வளவு வறட்சி, உறைஞ்ச ஈரம்கூடப் போயிரும். ராத்திரி கிளவுஸும் சாக்ஸும் அறையில கயிறு கட்டித் தொங்கட்டும். புகாரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ இருந்தா துணியை அது மேல போடாதே, ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வை, தூங்கப் போறப்போ அணைச்சிரு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

முகாம் பேட் பழசா இருக்கும். பிளாஸ்டிக் பக்கிள் குளிர்ல பட்டுனு உடையும், எலாஸ்டிக் விறைச்சு இழுபடாது. நீளமான லேஸ் நாலும் துணி டேப் ஒரு சுருளும் பையில போட்டுக்கோ. டேப்பைப் பையில விடாம உள்பாக்கெட்ல வை, குளிர்ந்தா ஒட்டாது.