புதுப்பிப்பு: ஞானப்பல்லை எடுத்தாயிற்று

வலது கீழ் ஞானப்பல்லை எடுக்கலாமா, விட்டுவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். எடுத்தாயிற்று. முடிவெடுக்க உதவியது ஓபிஜி எக்ஸ்ரேதான் (இரண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே). பல் சாய்ந்து முளைத்து, முன்னாலிருந்த நல்ல கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் சொத்தை ஆரம்பித்திருந்தது. பாதி மூடிய ஈறுக்கடியில் சோற்றுப்பருக்கை சிக்கி மூன்றாவது தடவையாகச் சீழ் வேறு. வாயைத் திறக்க முடியாமல் இரண்டு விரல்கூட உள்ளே நுழையவில்லை. வேர் தாடை நரம்பை ஒட்டியிருக்குமோ என்றுதான் பயந்தேன். டாக்டர் படத்தில் காட்டினார், தள்ளியே இருந்தது. சரி என்றேன்.

இடது பக்கப் பல்லும் புதைந்துதான் கிடக்கிறது. ஆனால் வலியில்லை, சொத்தையில்லை. அதனால் தொடவில்லை.

எடுக்கப்போகிறவர்களுக்கு: முதல் சில நாள் ஸ்ட்ரா, சிகரெட் வேண்டவே வேண்டாம், குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். மூன்றாம் நாளுக்குமேல் வலி கூடினால் உடனே டாக்டரிடம் போங்கள்.